‘தண்ணீரை’ என்றதும் அழுத்தம் ஏன் முன்னால் ஓடுகிறது? ஸ்லாவியப் பெயர்ச்சொற்களின் அழுத்த வரலாறு

வோல்காக்கரை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். நான்கு ஆண்டுகளாக ரஷ்ய மொழி படித்து வருகிறேன். இலக்கணம் ஓரளவு கைவந்துவிட்டது. ஆனாலும் என் ஆசிரியை இன்றும் என்னை நிறுத்தித் திருத்தும் இடங்களில் பாதிக்கு மேல் அசையழுத்தம் பற்றியவையாகவே இருக்கின்றன. சென்ற வாரம் நடந்ததைச் சொல்கிறேன்.

‘தண்ணீர்’ என்பதற்கு வொˈதா என்கிறார்கள். அழுத்தம் கடைசி அசையில். (அழுத்தம் பெறும் அசைக்கு முன் ˈ என்ற குறியை இட்டிருக்கிறேன். ரஷ்யச் சொற்களை எழுத்துப்படி தந்திருக்கிறேன். மாஸ்கோப் பேச்சில் அழுத்தம் இழந்த ஒகரம் அகரமாகத் தேயும்.) அதே சொல் இரண்டாம் வேற்றுமையில் ˈவோது ஆகிறது, அழுத்தம் முதல் அசைக்கு வந்துவிடுகிறது. ‘மனைவி’ ஜெˈனா, ‘மனைவியை’ என்னும்போது ஜெˈனூ, அழுத்தம் அசையவில்லை. ‘பசு’ கொˈரோவா, ‘பசுவை’ கொˈரோவு, இங்கும் அசையவில்லை, ஆனால் இருக்கும் இடம் வேறு. மூன்றும் பெண்பால் சொற்கள், மூன்றுக்கும் ஒரே விகுதிகள், ஒரே வேற்றுமை வாய்பாடு. நான் ‘தண்ணீரை’ என்பதற்கு வொˈதூ என்று சொல்லி மாட்டிக்கொண்டேன். காரணம் கேட்டதற்கு, “இது அப்படித்தான், மனப்பாடம் செய்யுங்கள்” என்ற விடையே கிடைத்தது.

மனப்பாடம் செய்யத் தயங்கவில்லை. ஆனால் இந்த மூன்று நடத்தைகளும் எங்கிருந்து வந்தன, அவற்றின் பழைய நிலையை எப்படி மீட்டெடுக்கிறார்கள் என்று அறிய விரும்புகிறேன். வரலாற்று மொழியியல் அறிந்தவர்கள் பொறுமையுடன் விளக்க வேண்டுகிறேன்.

வேர்தேடி

நண்பரே, நீங்கள் தற்செயலாகத் தேர்ந்தெடுத்த மூன்று சொற்களும் இத்துறையின் மூன்று தூண்கள். நார்வே நாட்டு அறிஞர் கிறிஸ்தியான் ஸ்டாங் 1957-இல் ஒஸ்லோவில் வெளியிட்ட ஆய்வில், மூல ஸ்லாவியப் (எல்லா ஸ்லாவிய மொழிகளுக்கும் தாயான மொழியின்) பெயர்ச்சொற்கள் அனைத்தும் மூன்றே அழுத்த வாய்பாடுகளில் அடங்கும் என்று நிறுவினார். அவற்றை அ, ஆ, இ என்று அழைப்போம். அ வகையில் அழுத்தம் எல்லா வேற்றுமைகளிலும் பகுதியிலேயே நிற்கும். உங்கள் ‘பசு’ இவ்வகை. ஆ வகையில் அது விகுதியில், அல்லது பகுதியை அடுத்து வரும் அசையில் நிற்கும். உங்கள் ‘மனைவி’ இவ்வகை. இ வகையில் அது சில வேற்றுமைகளில் சொல்லின் முதலிலும் சிலவற்றில் சொல்லின் இறுதியிலும் மாறிமாறி வரும். ‘தண்ணீர்’, ‘தலை’, ‘கை’, ‘மலை’, ‘குளிர்காலம்’ ஆகியவை இதில் சேரும். ‘தலை’ கொலொˈவா, ‘தலையை’ ˈகோலொவு. ‘கை’ ருˈகா, ‘கையை’ ˈரூகு.

ஸ்டாங்கின் பங்களிப்பு மூன்று பெட்டிகள் செய்துவைத்ததோடு முடிவதில்லை. அவருக்கு முன் இருந்தவர்கள் தனித்தனிச் சொல்வடிவங்களை எடுத்து, இதில் தொனி ஏன் இப்படி, அதில் ஏன் அப்படி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு விதி எழுதிக்கொண்டிருந்தார்கள். அழுத்தம் என்பது தனி வடிவத்தின் பண்பு அன்று, ஒரு சொல்லின் வேற்றுமை வாய்பாடு முழுவதற்கும் உரிய பண்பு என்ற நிலையிலிருந்து அவர் தொடங்கினார். என் கருத்தில் இத்துறைக்குள் நுழைகிறவர் முதலில் பழக வேண்டியது இதுதான். ‘வொˈதா’ என்ற ஒரே வடிவத்தை வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது. அது ஆ வகையாகவும் இருக்கலாம், இ வகையாகவும் இருக்கலாம். இரண்டாம் வேற்றுமையைக் கேட்ட பிறகே அது யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியும்.

ஐயவினா

வேர்தேடி ஐயாவின் விளக்கம் தெளிவாக இருக்கிறது. எனினும் ஓர் ஐயம். இன்றைய ரஷ்ய மொழியில் அழுத்தம் நம் கண்முன்னே இடம் மாறிக்கொண்டிருக்கிறது. ‘நகரங்கள்’ என்பதற்கு இன்று வழங்கும் கொரொˈதா என்ற பன்மை வடிவமே பிற்காலத்தது. இவ்வளவு நிலையற்ற ஒன்றை அடிப்படையாக வைத்து ஆயிரம் ஆண்டுகளுக்கும் முந்தைய நிலையை மீட்டெடுப்பது எந்த அளவுக்கு நம்பத்தக்கது? மூன்று வகை என்பதே பிற்கால ஒப்புமையாக்கத்தால் (ஒரு சொல்லைப் பார்த்து மற்றொன்றை மாற்றிக்கொள்வதால்) விளைந்த ஒழுங்காக இருக்கலாம் அல்லவா?

வேர்தேடி

நியாயமான கேள்வி. ரஷ்ய மொழியை மட்டும் வைத்துக்கொண்டால் உங்கள் ஐயம் அப்படியே நிற்கும். சான்று பல திசைகளிலிருந்து வந்து ஒரே இடத்தில் சேர்வதே இங்கு வலிமை.

அழுத்தம் குறித்த பழைய கையெழுத்துப் படிகள் முதல் திசை. 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சூதவ் புதிய ஏற்பாட்டுப் படியில் சொற்களுக்கு அழுத்தக்குறி இடப்பட்டிருக்கிறது. அதையும் அதற்குப் பின் வந்த படிகளையும் வரிவரியாக ஆராய்ந்து, பழைய ரஷ்ய மொழியின் அழுத்த ஒழுங்கை ஆந்திரேய் சலிஸ்னியாக் 1985-இல் வெளியான நூலில் விரித்துரைத்தார். 17-ஆம் நூற்றாண்டில் யூரை கிரிஜானிச் என்ற குரோவாசியர் சைபீரியாவின் தொபோல்ஸ்க் நகருக்கு நாடுகடத்தப்பட்டிருந்தபோது, அழுத்தக்குறிகளோடு ஓர் இலக்கணம் எழுதினார். தன் பேச்சை அவ்வளவு கூர்ந்து கேட்டு எழுதிய அம்மனிதருக்கு இத்துறை இன்றும் கடன்பட்டிருக்கிறது.

அடுத்த திசை தெற்கு. செர்பிய-குரோவாசிய மொழியில் அழுத்தத்தின் இடத்தோடு தொனியும் நீளமும் இன்றும் உயிரோடு இருக்கின்றன. வூக் கராஜிச் 1818-இல் வியன்னாவில் வெளியிட்ட அகராதியிலேயே அவை குறிக்கப்பட்டுள்ளன. ஆனால் இங்கு ஒரு சிறிய தடை உண்டு. பொதுமொழிக்கு அடிப்படையான ஷ்டொகாவியக் கிளைமொழிகளில் பழைய அழுத்தம் ஓர் அசை முன்னுக்கு நகர்ந்துவிட்டது; அப்படி நகர்ந்துவந்த அழுத்தம் ஏறுதொனியாக ஒலிக்கும். ஆகவே ஏறுதொனியைக் கேட்டால் “இது முன்பு அடுத்த அசையில் இருந்தது” என்று பின்னோக்கிப் படிக்க வேண்டும். ‘தலை’ என்பது அங்கே கிˈலாவா, நீண்ட ஏறுதொனியோடு. அப்படியானால் பழைய அழுத்தம் கடைசி அசையில். ‘தலையை’ கிˈலாவு, நீண்ட இறங்குதொனியோடு. அப்படியானால் அழுத்தம் தொடக்கம் முதலே அங்கேதான் இருந்தது. இப்போது ரஷ்ய மொழியின் கொலொˈவா, ˈகோலொவு இணையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எழுவாயில் இறுதி, இரண்டாம் வேற்றுமையில் முதல். இரண்டு மொழிகளும் ஒன்றையே சொல்கின்றன. அத்ரியாத்திக் கடற்கரையிலும் தீவுகளிலும் வழங்கும் சாகாவியக் கிளைமொழிகளில் இந்த நகர்வு பெரும்பாலும் நடக்கவே இல்லை. பழைய இடம் அப்படியே காதில் விழும். அலெக்சாந்தர் பெலிச் 1909-இல் நோவி என்ற கடற்கரை ஊரின் பேச்சைப் பற்றி எழுதியது இதனால்தான் இன்றுவரை எடுத்தாளப்படுகிறது.

வோல்கா ஆற்றங்கரையிலும் அத்ரியாத்திக் கரையிலும் வாழ்ந்து, நெடுங்காலம் ஒருவரோடொருவர் தொடர்பில்லாமல் இருந்தவர்கள், அதே சொல்லை அதே வேற்றுமையில் அதே இடத்தில் அழுத்துகிறார்கள். நூற்றுக்கணக்கான சொற்களில் இவ்வாறு பொருந்துகிறது. ஒப்புமையாக்கம் தனித்தனியே இயங்கி இவ்வளவு ஒற்றுமையை உண்டாக்காது.

மொழிமணல்

நான் செக் மொழி வழியாக இந்தத் துறைக்கு வந்தவள். செக் மொழியில் அழுத்தம் எப்போதும் முதல் அசையில்தான். எனவே அழுத்த வரலாற்றுக்கு அது பயன்படாது என்று பலர் நினைக்கிறார்கள். அது உண்மையன்று. ஓர் இணைச் சொல்லை மட்டும் அருகில் வைத்துக் காட்டுகிறேன்: ‘காகம்’, ‘அண்டங்காக்கை’.

ரஷ்ய மொழியில் காகம் வொˈரோனா, அண்டங்காக்கை ˈவோரொன். மூல ஸ்லாவியத்தில் இரண்டுக்கும் பகுதி ஒன்றே, வோர்ன்- என்பது போன்ற வடிவம். கிழக்கு ஸ்லாவிய மொழிகளில் இந்த ‘ஓர்’ என்னும் சேர்க்கை ‘ஒரொ’ என்று இரண்டு அசைகளாக விரிந்தது. பழைய ஒற்றை அசைக்குள் தொனி ஏறிச் சென்றதா இறங்கிச் சென்றதா என்பது, விரிந்த பிறகு அழுத்தம் இரண்டாவது உயிரில் விழுந்ததா முதல் உயிரில் விழுந்ததா என்பதாக மாறிவிட்டது. ஏறும் தொனி வொˈரோனா ஆயிற்று. இறங்கும் தொனி ˈவோரொன் ஆயிற்று. தொனி மறைந்த மொழியில் தொனியின் தடம், ஈர மணலில் பறவைக் கால் பதிந்தது போல அப்படியே இருக்கிறது.

இப்போது செக் மொழிக்கு வாருங்கள். காகம் ˈவ்ரானா, உயிர் நெடில். அண்டங்காக்கை ˈஹவ்ரன், அந்த உயிர் குறில். ஏறும் தொனி அங்கே நெடிலாகவும் இறங்கும் தொனி குறிலாகவும் எஞ்சியது. செர்பிய-குரோவாசியத்தில் நீளம் தலைகீழ்: காகத்தில் குறுகிய இறங்குதொனி, அண்டங்காக்கையின் பழைய வடிவமான ‘வ்ரான்’ என்பதில் நீண்ட இறங்குதொனி. ஒவ்வொரு மொழியும் தன் வழியில் வேறுபட்டாலும், இரண்டு சொற்களையும் எல்லா மொழிகளும் பிரித்தே வைத்திருக்கின்றன. ஸ்லாவியத்துக்கு நெருங்கிய உறவான பால்டியக் கிளையைச் சேர்ந்த லித்துவேனிய மொழியில் ˈவார்னா, ˈவார்னஸ். அங்கும் இரண்டுக்கும் தொனி வேறு.

மற்றச் சொற்களையும் இப்படிச் சோதித்துப் பார்க்கலாம். ரஷ்ய கொˈரோவா, செக் ˈக்ராவா. ‘குரல்’: ரஷ்ய ˈகோலொஸ், செக் ˈஹ்லஸ். ‘பொன்’: ரஷ்ய ˈசோலொதொ, செக் ˈஸ்லதொ. அகராதியை எடுத்து ஒரு மாலை முழுவதும் இப்படிச் சரிபார்த்தேன். அந்த மகிழ்ச்சி இன்னும் நினைவில் இருக்கிறது.

ஓர் எச்சரிக்கை. ஏறும் தொனியைக் கூர்தொனி என்றும் இறங்கும் தொனியை வளைதொனி என்றும் வழங்குவது மரபு. லித்துவேனிய மொழியில் கூர்தொனி என்று பெயர் பெற்றது இன்று ஒலிக்கும்போது இறங்கும், வளைதொனி ஏறும். எனவே பெயர்களை வரலாற்று அடையாளங்களாக மட்டும் கொள்ள வேண்டும். நான் தொடக்கத்தில் இதில் குழம்பிப் பல நாட்களை வீணாக்கினேன்.

வோல்காக்கரை

மொழிமணல் அம்மா, மிக்க நன்றி. ˈகோரொத் (நகரம்) என்பதற்கும் கொˈரோஹ் (பட்டாணி) என்பதற்கும் இடையே உள்ள வேறுபாட்டை இரண்டு ஆண்டுகளாக மனப்பாடமாக வைத்திருந்தேன். அதற்குப் பின்னால் இப்படி ஒரு கதை இருக்கிறது என்று தெரியாது.

இப்போது அடுத்த கேள்வி. அ, ஆ, இ என்ற மூன்றும் தொடக்கத்திலிருந்தே மூன்றாக இருந்தனவா?

வேர்தேடி

இல்லை. இத்துறையில் நான் மிகவும் மதிக்கும் ஒரு வாதத்துக்கு இந்தக் கேள்வி நேரே கொண்டுபோகிறது.

மூன்று வகைகளிலும் பகுதியின் தன்மையைக் கவனியுங்கள். அ வகைச் சொற்களின் பகுதி எப்போதும் கூர்தொனிப் பகுதி. ஆ வகைச் சொற்களின் பகுதி ஒருபோதும் கூர்தொனிப் பகுதியாக இருப்பதில்லை. அ இருக்கும் இடத்தில் ஆ இல்லை, ஆ இருக்கும் இடத்தில் அ இல்லை. தமிழில் சொல் முதலில் வல்லொலியாகவும் உயிர்களுக்கு நடுவில் மெல்லிய ஒலியாகவும் ஒரே ககரம் ஒலிக்கிறது. இரண்டும் ஒரே இடத்தில் வருவதில்லை என்பதால் ஒரே எழுத்தின் இரு முகங்கள் என்கிறோம். அதே தருக்கம் இங்கும் செல்லும். அ, ஆ இரண்டும் ஒரு காலத்தில் ஒரே வகை, அழுத்தம் பகுதியில் நிலைத்து நின்ற வகை. பின்னர் கூர்தொனி இல்லாத பகுதிகளில் மட்டும் அழுத்தம் ஓர் அசை வலப்பக்கம் நகர்ந்தது. ஜெˈனா என்பது அதற்கு முன் ˈஜெனா. இந்த விதிக்கு விளாதிமிர் தீபோவின் பெயர் வழங்குகிறது. அதன் உருவாக்கத்தில் விளாதிஸ்லாவ் இல்லிச்-ஸ்வித்திச்சுக்கும் பங்குண்டு. பால்டிய, ஸ்லாவியப் பெயர்ச்சொற்களின் அழுத்தத்தை ஒப்பிட்டு இல்லிச்-ஸ்வித்திச் எழுதிய நூல் மாஸ்கோவில் 1963-இல் வந்தது. 1966-இல் விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 31. நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

ஆகவே பழைய நிலையில் இருந்தவை இரண்டே: நிலைத்த வகை, இயங்கும் வகை. லித்துவேனிய மொழியில் நான்கு வாய்பாடுகள் உள்ளன. அவையும் இதே போல இரண்டாகச் சுருங்குகின்றன. அங்கு ஒன்றும் இரண்டும் சேர்ந்து பழைய நிலைத்த வகை, மூன்றும் நான்கும் சேர்ந்து இயங்கும் வகை. லித்துவேனியத்தில் அழுத்தத்தை நகர்த்திய விதி சுவிஸ் மொழியியலாளர் சொசூர் கண்டறிந்தது. அது ஸ்லாவியத்திலும் இயங்கியது என்று நெடுங்காலம் நம்பினார்கள். ஸ்டாங் அதை மறுத்தார். இரண்டு கிளைகளும் தனித்தனியே நகர்ந்தன, வேறுவேறு விதிகளால்.

ஆ வகையில் இன்னொரு நிகழ்வும் உண்டு. வலப்பக்கம் நகர்ந்த அழுத்தம் சில சொற்களில் மிகக் குறுகிய உயிரின் மேல் போய் நின்றது. அவ்வுயிர் தேய்ந்து மறையத் தொடங்கியபோது அழுத்தம் மீண்டும் பின்வாங்கி, அங்கே புதிய ஓர் ஏறுதொனியை உண்டாக்கியது. ஸ்தேபான் இவ்ஷிச் 1911-இல் இதை விளக்கினார். ரஷ்ய மொழியில் ‘மேசை’ ஸ்தோல், ‘மேசையின்’ ஸ்தொˈலா. ‘குதிரை’ கோன், ‘குதிரையின்’ கொˈனியா. எழுவாயில் இருந்த கடைசிக் குற்றுயிர் போய்விட்டது. ஆறாம் வேற்றுமையில் விகுதி உயிரோடு இருப்பதால் அழுத்தம் அங்கேயே தங்கிவிட்டது.

உதாத்தம்

வேதம் ஓதுவதைக் கேட்டு வளர்ந்தவன் என்பதால் இந்த இழை எனக்கு மிக நெருக்கமாக இருக்கிறது. உதாத்தம், அனுதாத்தம், ஸ்வரிதம் என்று நாம் அறிந்தவையும், தமிழ் இலக்கணம் எடுத்தல், படுத்தல், நலிதல் என்று சொல்பவையும் ஒலியின் ஏற்ற இறக்கத்தைப் பற்றியவையே. வேத மொழியின் உதாத்தம் (உயர்ந்த குரல்) நிற்கும் இடம் மூல இந்தோ-ஐரோப்பிய அழுத்தத்துக்கு முதன்மையான சான்று என்பதால், ஸ்லாவிய ஆய்வாளர்கள் அதைத் தொடர்ந்து எடுத்தாள்கிறார்கள்.

எனக்கு ஒரு முரண் தெரிகிறது. வேதத்தில் ‘புகை’ என்ற பொருளுடைய தூம என்ற சொல்லில் உதாத்தம் கடைசி அசையில். நம் ‘தூமம்’ அங்கிருந்து வந்ததே. ரஷ்ய மொழியில் ‘புகை’ தீம், ‘புகையின்’ ˈதீமா. லித்துவேனியத்தில் ˈதூமை. இவை அ வகை, அழுத்தம் பகுதியில். அதேபோல ‘கழுத்து’ என்ற பொருளுடைய கிரீவா என்ற வேதச் சொல்லிலும் உதாத்தம் இறுதியில். சுக்ரீவன் பெயரில் இருக்கும் அதே சொல். ரஷ்ய மொழியில் அது ˈகிரீவா, ‘பிடரிமயிர்’ என்று பொருள் மாறி, அழுத்தமும் முதலுக்கு வந்துவிட்டது. வேதம் இறுதி என்கிறது, ஸ்லாவியம் முதல் என்கிறது. யார் பழையவர்?

வேர்தேடி

உதாத்தம் ஐயா, மிகச் சரியான இடத்தில் கைவைத்தீர்கள். இந்த இரண்டு சொற்களிலும் வேதம்தான் பழையது. ஹெர்மன் ஹிர்ட் 1895-இல் இதைக் கவனித்தார். பின்னர் இல்லிச்-ஸ்வித்திச் அதன் எல்லையைத் திருத்தமாக வரைந்தார். முந்தைய அசையில் உயிருக்கு அடுத்து, மூல மொழியின் தொண்டையொலி ஒன்று இருந்தால், அழுத்தம் இறுதியிலிருந்து அந்த அசைக்குத் திரும்பிவிடும். தூம என்பதன் ஊகாரமும் கிரீவா என்பதன் ஈகாரமும் அத்தகைய தொண்டையொலி மறைந்ததால் நீண்ட உயிர்கள். அதே ஒலிதான் பால்டிய, ஸ்லாவிய மொழிகளில் கூர்தொனியை உண்டாக்கியது. ஆகவே அழுத்தம் திரும்பி வந்ததும், பகுதி கூர்தொனி பெற்றதும், சொல் அ வகையில் சேர்ந்ததும் ஒரே காரணத்தின் மூன்று விளைவுகள்.

நெடிலாக இருப்பது மட்டும் போதாது, தொண்டையொலியால் நீண்ட நெடிலாக இருக்க வேண்டும் என்ற இந்த நிபந்தனையால்தான் ஹிர்ட்டின் விதி நம்பத்தக்கதாயிற்று. வேதத்திலோ ஸ்லாவியத்திலோ எழுத்தில் பதிவாகாத ஓர் ஒலி, ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு ரஷ்யச் சொல்லின் அழுத்தத்தில் வெளிப்படுவது எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பளிக்கிறது.

ஐயவினா

நிலைத்த வகை பற்றி ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் இயங்கும் வகையில் எனக்கு இரண்டு தடைகள் இருக்கின்றன.

முதலாவது: லித்துவேனிய மொழியில் ‘கை’ ரன்ˈகா, இரண்டாம் வாய்பாடு; அதாவது உங்கள் கணக்குப்படி பழைய நிலைத்த வகை. ஸ்லாவியத்தில் அதே சொல் இ வகை, இயங்கும் வகை: ருˈகா, ˈரூகு. உடல் உறுப்பின் பெயரிலேயே பொருத்தம் உடைகிறது.

இரண்டாவது: ‘தலை’ லித்துவேனியத்தில் கல்ˈவா, இரண்டாம் வேற்றுமையில் ˈகால்வா என்று கூர்தொனியோடு வருகிறது. ஸ்லாவியத்தில் அதே இடத்தில் வளைதொனி. பகுதி ஒன்றானால் தொனி ஏன் வேறு?

வேர்தேடி

இரண்டாவதற்கு உறுதியான விடை இருக்கிறது. இயங்கும் வகையில் இருந்த கூர்தொனிப் பகுதிகள் எல்லாம் ஸ்லாவியத்தில் வளைதொனியாக மாறிவிட்டன. பிரெஞ்சு மொழியியலாளர் அந்துவான் மெய்யே இதைக் கண்டறிந்ததால் மெய்யே விதி என்கிறார்கள். ‘மகன்’ என்ற சொல்லிலும் இதே நிலைதான்: லித்துவேனியத்தில் இரண்டாம் வேற்றுமை கூர்தொனி, செர்பிய-குரோவாசியத்தில் ‘சின்’ வளைதொனி. ஒன்றிரண்டு சொற்களில் மட்டும் நடந்திருந்தால் ஐயப்படலாம். ஒரு வாய்பாடு முழுவதும் ஒரே சீராக நடந்திருக்கிறது.

முதலாவது உண்மையான தடைதான். அதை மறைக்க மாட்டேன். லித்துவேனியத்தில் இரண்டாம், நான்காம் வாய்பாடுகளுக்குப் பல வடிவங்கள் பொதுவானவை என்பதால், சொற்கள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எளிதில் தாவுகின்றன. ‘கை’ அப்படித் தாவிய சொல்லாக இருக்கலாம் என்பதைத் தாண்டி நான் எதுவும் சொல்ல மாட்டேன். ‘குளிர்காலம்’ போன்றவை நன்றாகப் பொருந்துகின்றன: ரஷ்ய சிˈமா, ˈசீமு, லித்துவேனிய ஜியெˈமா, நான்காம் வாய்பாடு. பொருந்தாதவற்றைத் தனியே பட்டியலிட்டு வைப்பதே நேர்மையான வேலை. எல்லாவற்றையும் பொருத்திக் காட்டும் கோட்பாட்டைக் கண்டால் நான் இருமுறை யோசிப்பேன்.

ஒரு துணைச் சான்றும் உண்டு. லாத்விய மொழியில் அழுத்தம் முதல் அசையில் உறைந்துவிட்டது. ஆனால் பழைய நிலைத்த வகையிலிருந்த கூர்தொனிப் பகுதி அங்கே நீட்டித்து நிற்கும் தொனியாகவும், பழைய இயங்கும் வகையிலிருந்தது நடுவில் தொண்டையில் முறியும் தொனியாகவும் பிரிந்தன. ‘காகம்’ நீடிக்கிறது, ‘தலை’ முறிகிறது. யானிஸ் எண்ட்செலின்ஸ் இதைக் கண்டார். ‘தலை’ பழங்காலத்திலேயே இயங்கும் வகை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கேட்க முடியாது.

உதாத்தம்

அப்படியானால் இயக்கம் எங்கிருந்து வந்தது? வேதத்தில் அகர ஈற்றுச் சொற்களிலும் ஆகார ஈற்றுச் சொற்களிலும் உதாத்தம் வேற்றுமைக்கு வேற்றுமை ஓடுவதில்லை. தேவ என்ற சொல்லில் அது இறுதியில் என்றால் இறுதியில்தான். ‘கால்’ என்ற பொருளுடைய பத் போன்ற மெய்யீற்றுச் சொற்களில் மட்டும் எழுவாயில் பகுதியிலும் ஆறாம் வேற்றுமையில் விகுதியிலும் நிற்கும்.

வேர்தேடி

ஆம். அதனால்தான் ஆகார ஈற்றுச் சொற்களின் இயக்கம் பால்டிய-ஸ்லாவியத்தில் உருவானது என்று பெரும்பாலோர் கருதுகிறார்கள். மெய்யீற்றுச் சொற்களிலிருந்து அது பரவியது என்று ஹோல்கர் பெடர்சன் 1933-இல் விளக்கினார். ‘மகள்’ என்ற சொல்லைப் பாருங்கள்: வேதத்தில் துஹிதா, அழுத்தம் இறுதியில், இரண்டாம் வேற்றுமையில் துஹிˈதரம், நடுவில். லித்துவேனியத்தில் எழுவாய் துக்ˈதே, இறுதியில். இரண்டாம் வேற்றுமை ˈதுக்தெரி, முதலில். நடுவில் இருந்தது முதலுக்கு ஓடிவிட்டது. அந்தப் பழக்கம் மற்றச் சொற்களுக்கும் பரவி, இறுதியும் முதலும் என்ற இரு முனைகள் மட்டும் எஞ்சின. ஜே ஜசனாஃப் 2017-இல் வேறொரு வழியில் விளக்குகிறார். லைடன் நகரில் கோர்ட்லாண்ட் இன்னொரு வழியில். மாஸ்கோ அறிஞர்களோ ஒவ்வொரு பகுதிக்கும் விகுதிக்கும் வலிமை, மென்மை என்ற பண்பு உண்டு என்றும், முதலில் வரும் வலிய உறுப்பு அழுத்தத்தைப் பெறும் என்றும் தொடங்குகிறார்கள். இவர்களுக்கிடையே உடன்பாடு இல்லை. எனக்கு மாஸ்கோ வழி வருணனைக்கு மிகச் சிறந்தது என்றும், தோற்றத்தை விளக்க அது மட்டும் போதாது என்றும் தோன்றுகிறது.

அவ்வழியின் ஒரு விளைவை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். பகுதியும் மெலிது, விகுதியும் மெலிது என்றால் அச்சொல்வடிவத்துக்குச் சொந்த அழுத்தமே கிடையாது. குரல் வெறுமனே முதலில் ஏறுகிறது. ரோமன் யாகப்சன் இவற்றுக்கு எங்கிளினோமெனா என்று பெயரிட்டார். ‘தண்ணீரை’ என்ற வடிவம் அத்தகையது.

மொழிமணல்

இதை நேரில் கேட்கலாம் என்பதுதான் சிறப்பு. சொந்த அழுத்தம் இல்லாத சொல்லுக்கு முன் ஓர் இடைச்சொல் வந்தால், இரண்டும் ஒரே சொல்லாகி அழுத்தம் இடைச்சொல்லின் மேல் ஏறிவிடும். ரஷ்ய மொழியில் ‘தலைமேல்’ ˈநா கொலொவு, ‘கையைப் பற்றி’ ˈசா ருகு. பசுவுக்கும் மனைவிக்கும் இது ஒருபோதும் நடக்காது.

தெற்கில் இன்னும் நுட்பம். செர்பிய-குரோவாசியத்தில் ‘நகரத்துக்குள்’, ‘வீட்டுக்குள்’ என்ற இரண்டிலும் ‘உ’ என்ற இடைச்சொல் அழுத்தம் பெறும்: ˈஉ கிராத், ˈஉ குச்சு. ஆனால் முதலாவதில் ‘உ’ இறங்குதொனி, இரண்டாவதில் ஏறுதொனி. நகரம் இ வகை. அதன் அழுத்தம் மூல ஸ்லாவியக் காலத்திலேயே இடைச்சொல்லுக்கு உரியது. வீடு அ வகை. அதன் அழுத்தம் அண்மைக் காலத்தில்தான் ஓர் அசை முன்னே வந்தது, அதனால் ஏறுகிறது. ஒரே நீளமுடைய இரண்டு சிறு தொடர்கள், இரண்டு வேறு காலங்கள்.

ஐயவினா

இதைக் கேட்ட பிறகு, மூன்று வகைகளைப் பற்றித் தொடக்கத்தில் எழுப்பிய ஐயத்தைத் திரும்பப் பெறுகிறேன். காலத்தைப் பற்றி ஒன்று மட்டும்: அழுத்தம் வலப்பக்கம் நகர்ந்தது எப்போது?

வேர்தேடி

‘அரசன்’ என்ற சொல் இதற்கு உதவும். ரஷ்ய கொˈரோல், ஆறாம் வேற்றுமை கொரொˈலியா, செக் கிரால், செர்பிய-குரோவாசிய கிரால். இது பிராங்கியப் பேரரசர் சார்லமேனின் பெயரான கார்ல் என்பதிலிருந்து வந்தது. அவர் ஆட்சிக்கு வந்தது 768, இறந்தது 814. இச்சொல் ஆ வகை. ஜெர்மானியத்திலிருந்து வந்த ‘கழுதை’யும் (ஒˈசியோல், ஒஸ்ˈலா) ‘கொப்பரை’யும் (கொˈதியோல், கொத்ˈலா) ஆ வகையே. அயல்மொழியில் இவற்றின் அழுத்தம் முதல் அசையில் இருந்தது. முதல் அசையில் அழுத்தத்தோடு உள்ளே வந்து, பிறகு நகர்ந்தன என்று கொண்டால், நகர்வு ஏறக்குறைய 800-க்குப் பிற்பட்டது. அப்போது ஸ்லாவியர் பால்டிக் கடலிலிருந்து அத்ரியாத்திக் வரை பரவிவிட்டார்கள்; அவ்வளவு பரப்பிலும் ஒரு மாற்றம் பரவியது என்றாகும்.

ஆனால் அரசன் ஒருவனை மட்டும் நம்பிக் காலம் குறிப்பதை நான் ஏற்பதில்லை. அயற்சொற்களை ஆ வகையில் சேர்ப்பது ஒரு வழக்கமாகிவிட்டிருந்தால், நகர்வு முடிந்த பின்னும் அச்சொல் அவ்வகையில் சேர்ந்திருக்கலாம். மூன்று சொற்களும் ஒரே திசையைக் காட்டுவதால் பிற்பட்ட காலத்தின் பக்கம் சாய்கிறேன், அவ்வளவுதான்.

வோல்காக்கரை

அனைவருக்கும் நன்றி. இன்று வகுப்பில் ‘ஆறு’ என்ற சொல் வந்தது: ரெˈகா. இரண்டாம் வேற்றுமையைச் சொல்லும் முன், இ வகை என்று எண்ணி ˈரேகு என்றேன். ஆசிரியை, அதுவும் சரி, ரெˈகூ என்பதும் சரி, தான் இரண்டாவதையே சொல்வதாகக் கூறினார். அகராதியிலும் இரண்டும் இருக்கின்றன. இது ஆ வகைக்கு மாறிக்கொண்டிருக்கும் சொல்லா?

வேர்தேடி

ஆம், ஒருமையில் அப்படித்தான். ˈரேகு பழையது, செர்பிய-குரோவாசியமும் அதற்கே சான்று தருகிறது, ரெˈகூ புதியது. ரஷ்ய மொழியில் இ வகைப் பெண்பாற் சொற்கள் பல, ஒருமையில் அழுத்தத்தை எல்லா வேற்றுமைகளிலும் விகுதியில் நிறுத்திக்கொள்ளத் தொடங்கிவிட்டன. ‘தண்ணீர்’, ‘கை’, ‘தலை’ போன்று அன்றாடம் வாயில் புழங்குபவை பழையதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஆசிரியையின் பாட்டி வழியில் ‘ஆற்றுக்கு’ என்பதை ˈநா ரெகு என்று சொன்னார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

வோல்காக்கரை

கேட்டேன். சற்று நேரம் யோசித்துவிட்டு, பாட்டி துணி துவைக்கப் போகும்போது ˈநா ரெகு என்றுதான் சொல்வார் என்றார்.